லிபஹுந்த்: ஒரு பெயரின் தடம்

எஸ்தோனியாவில் 1968-இல் லெய்தா லாயுஸ் என்னும் பெண் இயக்குநர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் பெயர் ‘லிபஹுந்த்’. ஓநாயாக உருமாறும் மாந்தரை அந்நாட்டார் அழைக்கும் சொல் அது. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதலசை அழுத்தம் பெற, இதழ்கள் மெல்லக் கூடிப் பிரிய, ‘ஹு’ என்னுமிடத்தில் ஊளைபோல் மூச்சு கிளம்ப, கடைசி வல்லெழுத்து அதை வெட்டி நிறுத்துகிறது.

பின்பாதியிலிருந்து தொடங்குவோம். ‘ஹுந்த்’ என்றால் இன்றைய எஸ்தோனியத்தில் ஓநாய். ஆனால் அது அம்மொழியின் பழஞ்சொல் அன்று. உடன்பிறப்பான பின்னியத்தைப் போலவே எஸ்தோனியத்துக்கும் ஓநாயின் பழம்பெயர் ‘சுசி’. அச்சந்தரும் விலங்கை மெய்ப்பெயர் சொல்லி அழைத்தால் அது வந்து நிற்கும் என்று அஞ்சிய உழவர்கள், ‘காட்டு நாய்க்குட்டி’ என்றும் ‘சாம்பல் அங்கிக்காரர்’ என்றும் புனைபெயர்களை அடுக்கி, தம்மை ஆண்ட செருமானியரின் பேச்சிலிருந்தும் ஒரு சொல்லை இரவல் வாங்கினர். நாய் என்று பொருள்படும் ‘ஹுந்த்’ அப்படி வந்து, ஓநாயாகவே நிலைத்துவிட்டது. நாகத்தை நல்லபாம்பு என்று வாழ்த்திவிட்டு நகரும் நமக்கு இந்த மங்கல வழக்கை விளக்க வேண்டியதில்லை. நம் ‘ஓநாய்’க்குள்ளும் ஒரு நாய் வெளிப்படையாகவே நிற்கிறதே! 1691-இல், தென் எஸ்தோனியாவையும் உள்ளடக்கிய லிவோனியாவின் நீதிமன்றம் ஒன்றில் தீஸ் என்னும் முதியவர், தாமும் ஓநாயாக மாறுபவரே என்று ஒப்புக்கொண்டு, ‘நாங்கள் கடவுளின் நாய்கள், களவுபோன தானியத்தை நரகத்திலிருந்து மீட்பவர்கள்’ என்னும் கருத்துப்படப் பேசினார். அங்கும் நாய்தான். அவருக்குக் கிடைத்தவை கசையடியும் நாடுகடத்தலும்.

முன்பாதியான ‘லிப’ இன்னும் சுவையானது. பொய், போலி என்பவை அதன் இன்றைய பொருள்கள். பொய்ச்செய்தியை எஸ்தோனியர் ‘லிபஊதிஸ்’ என்கிறார்கள். ஆக லிபஹுந்த் என்பது பொய்யோநாய். பிற ஐரோப்பியப் பெயர்களை இதனருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆங்கிலத்தின் ‘வேர்வுல்ஃப்’, செருமானியத்தின் ‘வேர்வோல்ஃப்’ ஆகியவற்றின் ‘வேர்’ ஆண்மகனைக் குறித்த பழஞ்சொல்; இலத்தீனத்தின் ‘விர்’, வடமொழியின் ‘வீர’ எல்லாம் அதனோடு ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. நாம் வடமொழியிலிருந்து பெற்று நாவில் பழகிவிட்ட ‘வீரன்’, அந்த வழியில் இந்த ஓநாய்க்குத் தூரத்து உறவினன்! போர்த்துக்கேயத்தின் ‘லோபிசோமெ’யிலும் ஆண் ஒளிந்திருக்கிறான். எஸ்தோனியச் சொல்லிலோ ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, யார்மேலும் சுமத்தலாம். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே ஓநாய்க் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெண்களும் பலர்.

படத்துக்கு மூலமான ஆகுஸ்ட் கிட்ஸ்பெர்க்கின் 1912-ஆம் ஆண்டு நாடகமும் ஒரு பெண்ணைப் பற்றியதே. சூனியக்காரி என்று கசையடிபட்டு மாண்டவளின் மகள் தீனா, தம்மாரு என்னும் பண்ணைவீட்டில் வளர்கிறாள். கருங்கூந்தல், கருவிழி, பொன்னிறத் தலைகளுக்கு நடுவே அவள் அயலாள். வீட்டு மகன் மார்குஸ் அவளை விரும்ப, பொறாமையில் வெந்த மாரி என்னும் பெண் அவளை லிபஹுந்த் என்கிறாள். பல்லோ நகமோ செய்யாததை அந்தப் பெயர் செய்கிறது. தீனா காட்டுக்கு ஓடுகிறாள். ஓநாய் என்றெண்ணி மார்குஸ் பின்னாளில் சுடும் குண்டு அவள்மேல் பாய்கிறது. பொய்யோநாய் என்னும் பெயர் அவளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று எண்ணிப் பாருங்கள்: பொய்யாக ஓநாய் ஆக்கப்பட்டவள் அவள்.

இப்படத்தைப் பற்றித் தமிழில் எழுத நேரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மூலச்சொல்லில் இல்லாத ஆணை உள்ளே புகுத்தி ‘ஓநாய் மனிதன்’ என்று எழுதாதீர்கள். ‘பொய்யோநாய்’ என்றே எழுதுங்கள்.