கண்டி அரியணையும் அயலாரும்

நாட்டை ஆள்வோரை மக்கள் தேர்ந்தெடுப்பதற்கு முன்னர் மற்றொரு தேர்வு நடைபெறுவதுண்டு. மக்கள் முன் நிறுத்தப்பட வேண்டியவர் யாவர் என்பதைக் கட்சியினர் தமக்குள் முடிவு செய்யும் தேர்வு அது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கெனவே முன்தேர்தல்கள் நடத்தப்படுகின்றன. 2016ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியின் முன்தேர்தலில் ஆளுநர்களும் செனற்றர்களுமாகப் பலர் போட்டியிட்டனர். அரசாங்கப் பதவி எதனையும் அதுகாறும் வகித்திராதவரும், தொலைக்காட்சியால் பெயர் பெற்ற வணிகருமான டொனால்ட் டிரம்ப் அவர்கள் அனைவரையும் வென்றார். இலங்கையில் அத்தகைய முன்தேர்தல் வழக்கில் இல்லை. ஆயினும் 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்த விருப்பு வாக்கு முறையினால், ஒரே கட்சியின் வேட்பாளர்கள் ஒரே மாவட்டத்தில் ஒருவரோடொருவர் போட்டியிட நேர்ந்தது. கிரிக்கெட் வீரர் சனத் ஜயசூரிய 2010இல் மாத்தறை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் புகுந்தது இம்முறையின் வழியாகவே ஆகும்.

கட்சிக்காக நெடுங்காலம் உழைத்தவர்கள் பின்னிற்க, வெளியிலிருந்து வந்த ஒருவர் முன்னிடம் பெறுவது ஏன்? அவரை முன்னிறுத்துவோர் எதை எண்ணி அவ்வாறு செய்கின்றனர்? இவ்வினாக்கள் வாக்குச் சீட்டுடன் பிறந்தவை அல்ல. வாக்குச் சீட்டு என்னும் பெயரையே அறியாத காலத்தில், மலைகளும் மகாவலி கங்கையும் அரண் செய்த கண்டி மாநகரில் இவை எழுந்தன. அங்கே 1739 முதல் 1815 வரை அரியணையில் அமர்ந்த நால்வரும் கடல் கடந்து வந்த குடியினர் ஆவர்.

கண்டியரசில் முடியுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது பொது வழக்கு. ஆயினும் அம்மகன் அரச குலத்துப் பட்டத்தரசியின் வயிற்றில் பிறந்தவனாதல் வேண்டும். அத்தகைய மகன் இல்லாதபோது, அதிகார் எனப்பட்ட முதன்மை அமைச்சர்கள் தக்க ஒருவனைத் தெரிந்து பிரதானிகளின் முன்னும் மக்களின் முன்னும் நிறுத்தி, அவர்களுடைய இசைவைப் பெறுவர். பின்னர் நாத தேவாலயத்தில் அவனுக்கு வாள் பூட்டப்படும். மக்களின் இசைவு கேட்கப்பட்டது உண்மையே. ஆனால் யாருக்கு இசைவு கேட்பது என்பதை அவைக்குள் இருந்த சிலரே முடிவு செய்தனர். அக்காலக் கண்டியின் முன்தேர்தல் அதுவே எனலாம்.

அரச குலத்துப் பெண்ணைக் கண்டி மன்னர் எங்கே தேடுவது? உள்நாட்டுப் பிரதானிகளின் குடும்பங்கள் எத்துணைச் செல்வாக்குடையனவாயினும் அரச குலமாக மதிக்கப்படவில்லை. எனவே மன்னர் மதுரைப் பக்கம் நோக்கினர். வீர நரேந்திரசிங்கன் 1707 முதல் 1739 வரை ஆண்டவன். கண்டிக்கு அணித்தேயுள்ள குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தவன். அவன் மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்டிரை மணந்தான். அரசியருடன் அவர்களுடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் வந்து குடியேறினர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழ்நாட்டில் வாழ்ந்து தமிழும் பழகியவர் இக்குடியினர். கண்டி நகரில் இவர்கள் வாழ்ந்த தெரு பின்னர் மலபார் வீதி என ஆங்கிலேயரால் அழைக்கப்பட்டது.

நரேந்திரசிங்கனுக்குப் பட்டத்தரசியிடம் மக்கட்பேறு வாய்க்கவில்லை. சிங்களப் பிரதானி குலத்துப் பெண்ணொருத்தியிடம் பிறந்த உனம்புவே பண்டாரன் என்னும் மகன் இருந்தான். தந்தை அரசன், தாய் அந்நாட்டவள், பிறந்து வளர்ந்ததும் அம்மண்ணிலேயே. அவனை முடிசூட்டல் வேண்டும் என வாதிட்ட பிரதானிகளும் இருந்தனர். ஆயினும் மன்னன் தன் அரசியின் உடன்பிறந்தானைத் தன் வழித்தோன்றலாகக் குறித்தான். 1739இல் மன்னன் மறைந்தபின் அந்நாயக்க இளைஞனே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான்.

அவன் பக்கம் பிரதானிகள் பலர் சாய்ந்ததன் காரணம் குல வழக்கு மட்டுமன்று. தாய்வழியால் ஒரு பிரதானி குடும்பத்தைச் சார்ந்தவன் அரசனானால் அக்குடும்பம் ஏனைய குடும்பங்களுக்கு மேலே உயர்ந்துவிடும். திசாவை பதவிகளும் நிலங்களும் அக்குடும்பத்தின் வீட்டு வாயிலிலேயே பங்கிடப்படும். அயலிலிருந்து வந்தவனுக்கோ நாட்டில் ஊர்க்கட்டும் இல்லை, உறவுக்கட்டும் இல்லை. அவன் எல்லோரிடமிருந்தும் ஒரே தொலைவில் நிற்பவன். தம்முள் ஒருவன் தமக்குத் தலைவனாவதைப் பொறாத கூட்டம், வெளியிலிருந்து தலைவனைத் தேடுவது உலகியற்கை.

ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் வெறும் பொம்மைகளாக இருந்துவிடவில்லை. தம்மை அரசராக்கியது பிரதானிகளின் போட்டி என்பதையும், தம்மை அரசராக நிலைநிறுத்தக்கூடியது மக்களின் மதிப்பே என்பதையும் அவர்கள் உணர்ந்தனர். நாயக்கர் சைவ வைணவ மரபில் வந்தவர்கள்; கண்டி மக்களோ பௌத்தர். பௌத்தத்தைக் காக்காத ஒருவன் கண்டியில் அரசனாக நிலைபெறல் அரிது. அக்காலத்தில் இலங்கையில் முறைப்படி உபசம்பதை பெற்ற பிக்குமாரே இல்லாதொழிந்திருந்தனர். அதனை மீட்கச் சீயத்திற்குத் தூது அனுப்பும் முயற்சியை ஸ்ரீ விஜய ராஜசிங்கன் தொடங்கினான். 1747இல் அவனுக்குப்பின் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதனை நிறைவேற்றினான். 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரின் தலைமையில் பிக்குமார் வந்து கண்டியில் உபசம்பதையை மீண்டும் நிறுவினர். இலங்கையின் சீயம் நிக்காயம் அவ்வழி வந்ததேயாகும்.

கண்டிப் பெரஹராவின் இன்றைய வடிவிற்கும் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே காரணன். நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய தெய்வங்களுக்கு நடந்துவந்த ஊர்வலத்தின் முன்னே புனித தந்ததாதுவை எழுந்தருளச் செய்த ஏற்பாடு அவன் காலத்தது. கண்டியைச் சூழ்ந்த கங்காராமையும் தெகல்தொறுவைக் குகை விகாரையும் அவன் ஆட்சியின் பெயரை இன்றும் சொல்லி நிற்கின்றன. மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு குடியின் மைந்தன், சிங்கள நாட்டின் பௌத்த மறுமலர்ச்சிக்குப் புரவலன் ஆனான்.

இத்தனைக்குப் பின்னரும் அவன் அயலான் என்னும் பேச்சு அடங்கியபாடில்லை. அரசன் நெற்றியில் திருநீறு அணிகின்றான் என்று குறை கூறப்பட்டது. 1760இல் சமனக்கொடி அதிகார் முதலிய பிரதானிகளும் மல்வத்தை விகாரையைச் சார்ந்த பிக்குமார் சிலரும் கூடி அவனைக் கொல்லச் சூழ்ந்தனர். அறவுரை கேட்க வரும் அரசனுக்கு இட்ட இருக்கையின் கீழே குழி வெட்டி, அதனுள் கூரிய முளைகளை நாட்டி வைத்தனர். சூழ்ச்சி முன்கூட்டியே வெளிப்பட்டது. சமனக்கொடி கொல்லப்பட்டான். சங்கராஜர் வெலிவிட்ட சரணங்கரரும் சிறைப்பட்டு, பின்னர் தம் நிலையை மீளப் பெற்றார்.

இச்சூழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அயலான் வேண்டாம் என்று எழுந்தவர்கள் அவனுக்குப் பதிலாக அரியணையில் அமர்த்த எண்ணியது யாரை? தம்முள் ஒருவனையா? இல்லை, சீயத்திலிருந்து வந்திருந்த ஓர் இளவரசனை. மதுரையை விட நெடுந்தொலைவிலிருந்து வந்த வேறோர் அயலான் அவன்! நாயக்கனின் பிறப்பே குறையாயின் சீயத்தானின் பிறப்பும் குறையேயன்றோ? அவர்கள் வெறுத்தது அயன்மையை மட்டுமன்று. தம் கைக்கு அடங்காத அரசனையே வெறுத்தனர் எனக் கொள்வதே பொருந்தும்.

1782இல் கீர்த்தி ஸ்ரீயின் தம்பி ராஜாதி ராஜசிங்கன் முடிசூடினான். அவன் சிங்களத்தில் காவியம் பாடும் அளவிற்கு அம்மொழியில் தோய்ந்தவன். 1798இல் அவன் மகப்பேறின்றி மறைந்தபோது, அரசனைத் தெரியும் பொறுப்பு மீண்டும் அவையோரைச் சார்ந்தது. அக்காலத்து அவையில் மேலோங்கியிருந்தவன் முதலாம் அதிகார் பிலிமத்தலாவை. அரசியின் உடன்பிறந்தான் முத்துசாமிக்கு உரிமை மிகுதி எனப் பலர் கருதினர். ஆனால் பிலிமத்தலாவை தெரிந்தெடுத்தது கண்ணுசாமி என்னும் 18 வயது இளைஞனை. அவனுக்குப் பின்பலம் குறைவு. அரசியல் பயிற்சி அதனினும் குறைவு. அக்குறைகளே பிலிமத்தலாவைக்கு நிறைகளாகத் தோன்றின. கண்ணுசாமி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனான். முத்துசாமி தப்பியோடி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

முன்னைய தேர்வுகளுக்கும் இதற்கும் வேற்றுமை பெரிது. முன்பு அரச குலத்து வழக்கு என்னும் பொதுக் காரணம் ஒன்று முன்வைக்கப்பட்டது. இம்முறை தேர்ந்தவனே தேர்வின் பயனைத் துய்க்க எண்ணினான். இளைஞனை முன்னிறுத்திப் பின்னிருந்து ஆள்வது, காலம் கனியும்போது தானே முடிசூடுவது என்பதே பிலிமத்தலாவையின் உள்ளக்கிடக்கை. ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்துடன் அவன் மறைவாக நடத்திய பேச்சுக்கள் இதனைத் தெளிவாக்குகின்றன.

ஆங்கிலேயரிடமும் ஒரு வேட்பாளர் இருந்தான். 1803 பெப்ரவரியில் அவர்களுடைய படை கண்டியுட் புகுந்தது. மன்னனும் மக்களும் நகரை விட்டு அகன்றிருந்தனர். வெறிச்சோடிய நகரில் முத்துசாமி அரசனாக நிறுத்தப்பட்டான். அவனை அரசனென்று வணங்கப் பிரதானிகளும் மக்களும் வந்திலர். உரிமை இருந்தும், படையும் இருந்தும், நாட்டின் இசைவு அவனுக்கு இல்லை. நோயால் நலிந்த ஆங்கிலப் படை மேஜர் டேவியின் தலைமையில் ஜூன் 24ஆம் நாள் பணிந்து வெளியேறியது. பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க வழியின்றி வட்டபுலுவையில் அப்படை தேங்கி நின்றது. முத்துசாமி கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான், படையினரும் வெட்டுண்டனர். அயலார் கையிலிருந்து முடி பெற்ற வேட்பாளரின் ஆட்சி ஐந்து திங்களும் நீடிக்கவில்லை.

இதற்கிடையே கண்ணுசாமி பொம்மையாக இருக்க மறுத்தான். அரசனுக்கும் அவனை அரசனாக்கியவனுக்கும் பகை முற்றியது. 1811இல் சூழ்ச்சிக் குற்றம் சாட்டப்பட்டுப் பிலிமத்தலாவை உயிரிழந்தான். அவனுக்குப்பின் அதிகாராய் உயர்ந்த எகலப்பொலையும் 1814இல் கிளர்ந்தெழுந்து, தோற்று, ஆங்கிலேயரை நாடினான். அவனுடைய மனைவியும் மக்களும் கண்டியில் கொல்லப்பட்ட கொடுமை மக்களின் நெஞ்சத்தை மன்னனிடமிருந்து முற்றாகப் பிரித்தது. கண்டி வாவியையும் எண்கோண மண்டபத்தையும் எழுப்பிய அம்மன்னன், அவற்றிற்காக வாங்கிய கட்டாய உழைப்பினாலும் முன்னரே வெறுப்பை ஈட்டியிருந்தான். கீர்த்தி ஸ்ரீ பெரஹராவினால் வென்ற மக்களை, ஸ்ரீ விக்கிரமன் தன் கடுமையினால் இழந்தான்.

1815 பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரைப் பக்கத்தில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் கண்டி அரச மண்டபத்தில் தேசாதிபதி பிரவுண்றிக்கும் பிரதானிகளும் கூடி உடன்படிக்கை செய்தனர். மலபார் இனத்தார்க்குக் கண்டி அரசில் இருந்த உரிமை அனைத்தும் ஒழிந்தது என அது கூறிற்று. மன்னனின் ஆண் உறவினர் கண்டி மாகாணங்களுட் புகுதல் ஆகாது எனவும் விதித்தது. எழுபத்தாறு ஆண்டுகள் அரசரென வணங்கப்பட்ட குடி, ஒரே நாளில் அயல் இனம் என்னும் பெயருடன் புறந்தள்ளப்பட்டது. அதே உடன்படிக்கையினால் அரியணை ஆறாயிரம் கல் தொலைவிலிருந்த இங்கிலாந்தின் மன்னனுக்குச் சென்றது. அவனைவிட அயலானாவான் வேறு எவன்? உடன்படிக்கையில் பிரதானிகள் சிலர் இட்ட கையொப்பங்களில் தமிழ் எழுத்துக்கள் காணப்படுவது மற்றொரு வியப்பு.

மக்கள் இதனை எவ்வாறு கருதினர் என்பதை அடுத்துவந்த பெருங்கிளர்ச்சி காட்டிற்று. 1817இல் வெல்லசைப் பகுதியில் தோன்றிய ஒருவன் தன்னை வீழ்ந்த மன்னனின் உறவினன் துரைசாமி எனக் கூறிக்கொண்டு அரசுரிமை கோரினான். கெப்பெட்டிபொல திசாவை முதலியோர் கிளர்ச்சியிற் சேர்ந்தனர். ஊவாவும் வெல்லசையும் கொதித்தெழுந்தன. உண்மையில் அவன் நாயக்கன் அல்லன். வில்பாவை என்னும் சிங்களவனே. நாட்டு மக்களின் ஆதரவைப் பெறுவதற்கு அந்நாட்டு மகன் ஒருவன் தன்னை நாயக்கனென்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது! அயல் இனம் எனச் சட்டத்தினால் ஒதுக்கப்பட்டவர்களை மக்கள் தங்கள் அரசராகவே நினைவில் வைத்திருந்தனர். 1818 நவம்பரில் கெப்பெட்டிபொல போகம்பரையில் தலை வெட்டுண்டான், கிளர்ச்சியும் அடங்கிற்று. வேலூருக்கு அனுப்பப்பட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832இல் அங்கேயே மறைந்தான்.

கண்டியின் இக்கதை அயலார் எல்லோரும் நல்லவர் எனவோ தீயவர் எனவோ கூறவில்லை. ஒரே குடியிலிருந்து கீர்த்தி ஸ்ரீயும் வந்தான், ஸ்ரீ விக்கிரமனும் வந்தான். வெளியிலிருந்து வந்தவர் நாட்டின் வழக்கையும் வழிபாட்டையும் தமதாக ஏற்றுழைத்தபோது அந்நாட்டவரே ஆயினர். தமக்குள் உள்ள பொறாமையை மறைக்கவும், தம் ஆசையை நிறைவேற்றவும் அவையோர் ஒருவரை முன்னிறுத்தியபோது, தேர்ந்தவரும் தேரப்பட்டவரும் நாடும் ஒருங்கே வீழ்ந்தனர். இன்றைய கட்சிகள் புகழ் பெற்ற ஒரு புதியவரை வேட்பாளராக நிறுத்தும்போது, அவர் எங்கிருந்து வந்தார் என்று மட்டும் ஆராய்வது போதாது. அவரை அழைத்து வந்தவர் யார், எதற்காக அழைத்து வந்தனர் என்பதையும் வாக்காளர் கேட்டறிதல் வேண்டும். 1798இல் கண்டி மக்களிடம் இசைவு மட்டுமே கேட்கப்பட்டது. இக்கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.