வண்டி அவிழ்த்த இடங்கள்

படுக்கை, அடுப்பு, சாமான்களோடு சொந்த வண்டியில் ஊர் சுற்றுவது அமெரிக்கக்காரர்களின் பொழுதுபோக்கு என்றே நினைக்கிறோம். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் உத்திரமேரூர் வட்டாரத்துக் குடும்பங்கள் திருவிழாவுக்கும் குலதெய்வத்துக்கும் போய்வந்த விதத்தைப் பார்த்தால், வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவது இங்கே பழைய வழக்கம் என்பது தெரியும். அந்த வழக்கத்தைக் கட்டிக் காத்ததில் வண்டியைவிட, மாட்டை அவிழ்க்க இடம் தந்த வழிகளுக்கே பங்கு அதிகம் என்பேன்.

அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865இலேயே ரயில் வந்துவிட்டது. உத்திரமேரூருக்கு இன்றுவரை தண்டவாளம் இல்லை. அங்கிருந்து காஞ்சிபுரம் சுமார் 30 கிலோமீட்டர். மாடு மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. காஞ்சி வரதராஜப் பெருமாளின் வைகாசிக் கருட சேவைக்குப் போகிறவர்கள் வெயில் தாழ்ந்து வண்டி பூட்டினால்தான் விடிவதற்குள் போய்ச் சேரலாம். கூண்டுக்குள் வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்தால் பிள்ளைகளுக்குப் படுக்கை. அந்த வைக்கோலே திரும்பும்போது மாட்டுக்குத் தீனி. வண்டிக்கடியில் லாந்தர், அச்சுக்கு மசகு, கிணற்றில் இறைக்க வாளியும் கயிறும், மறுநாளும் கெடாத புளிச்சோறு. மாட்டை அவிழ்த்து நுகத்தடிக்கு முட்டுக்கொடுத்தால் வண்டியே வீடு.

ஆனால் மாடு, தண்ணீரும் நிழலும் இல்லாத இடத்தில் நிற்காது. ஏரி சூழ்ந்த நாடு இது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகவே பேசப்படுகின்றன. அப்படித் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருந்ததை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவை வழிப்போக்கருக்காக ஏற்பட்டவை அல்ல. என்றாலும் பராமரித்த ஏரிக்கரையும் தோப்பும் இல்லாமல் மாட்டுவண்டிப் பயணம் நடந்திருக்காது. சத்திரம், சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் அதன்மேல் சேர்ந்த தர்மங்கள். பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் வந்து, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் அங்கே கூடுவார்கள். அந்த நாளில் வண்டி அவிழ்க்க ஆற்று மணல் முழுக்க இடம் கிடக்கும். மணலில் சக்கரம் புதைந்தால் இறங்கித் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இது பக்தி, பொழுதுபோக்கு அல்லவே என்று கேட்கலாம். அறுவடை முடிந்து கை ஓய்ந்த தை மாசி மாதங்களில், கடைவீதியும் ராட்டினமும் உள்ள ஊருக்குக் குடும்பத்தோடு போவதில் இரண்டையும் பிரிக்க முடியாது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வண்டியும் மாடும் நிலம் உள்ளவர்களிடம்தான் இருந்தன. கூலிக்காரர்கள் நடந்தே போனார்கள். சொந்த அடுப்பை எடுத்துப் போனதற்கும் ருசி மட்டும் காரணமில்லை, பிறர் சமைத்ததைத் தொடாத சாதிக் கட்டும் காரணம். பல சத்திரங்களில் பந்தியே சாதி பார்த்துத்தான் நடந்தது; ஊர்க்கிணறும் குளமும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டன. ஆகவே வழி தந்த இடம் எல்லாருக்குமான இடம் அல்ல. இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை; வண்டி வைத்திருந்தால் மட்டும் போதாது, இறங்கும் இடத்தில் உரிமையும் வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

பஸ் வந்ததும் எல்லாம் போய்விட்டது என்பார்கள். ஒற்றை ஆள் பயணம் பஸ்ஸுக்குப் போனது உண்மை. மொட்டையும் காதுகுத்தும் வைத்த குடும்பம் பானை, விறகு, கிடாவோடு பஸ் ஏற முடியுமா? அதற்கு இன்றும் வேன் பிடிக்கிறார்கள்; விறகுக்குப் பதில் கேஸ் சிலிண்டரும் ஏறுகிறது. மேல்மருவத்தூர் போகும் செவ்வாடைக் கூட்டத்திலும் பாத்திரமும் சமையல்காரருமாகக் கிளம்புகிற வண்டிகள் உண்டு. ஆனால் சாலை அகலமாகும்போது முதலில் விழுவது ஓரத்துப் புளியமரம், ஏரிக்கரையோ மனையாகிறது. வேன் பேசும்போதே, அங்கே நிறுத்த நிழல் இருக்கிறதா, தண்ணீர் வருமா என்று விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள்.