‘ஊப்னெகத்’

1801, 1802 ஆண்டுகளில் ஸ்ட்ராஸ்பூர் நகரிலிருந்து ஒரு லத்தீன் நூல் இரண்டு தடித்த தொகுதிகளாக அச்சாகி வந்தது. முகப்பில் பெரிதாக ஒரு பெயர்: ‘ஊப்னெகத்’. நம் காதுக்கு ஏதோ யுனானி லேகியத்தின் பெயர்போல ஒலிக்கிறது. அது உபநிடதம்தான். உயிர்க்குறில்களை எழுதாமல் விட்டுவிடும் பாரசீக எழுத்துக்குள் புகுந்த சம்ஸ்கிருதச் சொல், ஒரு பிரெஞ்சுக்காரரின் பேனாவில் ஏறி லத்தீனில் இறங்கியபோது இப்படி ஆகியிருந்தது. பழைய தபால் உறையின் முத்திரைகளைப் பார்த்து அது எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று சொல்வதுபோல, இந்தப் பெயரை வைத்தே நூல் வந்த வழியைச் சொல்லிவிடலாம்.

புறப்பட்ட இடம் டெல்லி, யமுனைக் கரையில் நிகம்போத் மாளிகை. ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ 1657-ல் காசியிலிருந்து பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் வரவழைத்து, ஆறு மாதத்தில் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்கி முடித்தார். தலைப்பு ‘சிர்-இ-அக்பர்’. அக்பர் என்றதும் அவருடைய கொள்ளுப்பாட்டனார் நினைவுக்கு வந்தால் தவறில்லை. மகாபாரதத்தைப் பாரசீகத்துக்குக் கொண்டுவரச் செய்தவர் அவர். ஆனால் இங்கே பொருள் வேறு. மாபெரும் ரகசியம் என்று அர்த்தம். உபநிடதம் என்றால் குருவின் அருகே அமர்ந்து கேட்பது. அருகே அமர்த்திச் சொல்வது ஊருக்கெல்லாம் சொல்வதல்ல என்ற பொருளும் அதற்குள் உண்டு. தாரா அந்த இரண்டாம் பொருளைப் பிடித்துக்கொண்டார். குர்ஆன் குறிப்பிடும் மறைத்துவைக்கப்பட்ட நூல் இதுதான் என்றே நம்பினார்.

நம்பியதால் மொழிபெயர்ப்பு ஒரு மாதிரியாக அமைந்தது. பிரம்மா வானவர் ஜிப்ரீல் ஆனார், விஷ்ணு மீக்காயீல், மகேசன் இஸ்ராஃபீல். ஓங்காரம் இறைவனின் மகத்தான நாமம். இடையிடையே சங்கரரின் உரையும் பண்டிதர்கள் வாய்மொழியாகச் சொன்ன விளக்கமும் மூலத்தோடு கலந்தன. எனக்கு இதில் எல்லாவற்றையும்விட வியப்பு தருவது மாயைக்குக் கிடைத்த பெயர். சங்கரரின் வழிவந்தவர்களுக்கு மாயை என்பது கயிறு பாம்பாகத் தோன்றும் மயக்கம். ஞானம் வந்தால் விலகிவிடும். தாராவோ அதை ‘இஷ்க்’ என்கிறார். காதல்! காரணம் இல்லாமலில்லை. மறைந்திருந்த புதையலான இறைவன், தன்னை அறிய ஒருவர் வேண்டும் என்று விரும்பினான். அந்த விருப்பத்தால் உலகம் உண்டாயிற்று என்பது சூஃபிகள் திரும்பத் திரும்பச் சொல்வது. ஒன்றிலிருந்து பல தோன்றியதற்கு இங்கே மாயை காரணம், அங்கே காதல் காரணம். இரண்டும் உட்காரும் நாற்காலி ஒன்றுதான் என்று தாராவுக்குத் தோன்றியிருக்கிறது. பண்டிதர்கள் ஆட்சேபித்தார்களா, இளவரசரிடம் எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்தார்களா என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

நூல் முடிந்த சில மாதங்களில் ஷாஜகான் நோயில் விழுந்தார். வாரிசுச் சண்டை. 1658-ல் சமுகர் போரில் தாரா தோற்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், மார்க்கத்தை விட்டு விலகியவர் என்ற குற்றச்சாட்டோடு கொல்லப்பட்டார். விரலில் ‘பிரபு’ என்று பொறித்த மோதிரம் அணிந்திருந்ததையும் ஔரங்கசீப்பின் அரசவை வரலாறு குறையாக எழுதிவைத்திருக்கிறது. ஆனால் நூலை யாரும் தடுக்கவில்லை. பாரசீகம் படித்த இந்துக்கள், முஸ்லிம்கள் இருவரும் படியெடுத்துப் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அப்படியான ஒரு பிரதி நூறு ஆண்டுக்குப் பிறகு அவத் நவாபு ஷுஜா-உத்-தௌலாவின் ஃபைசாபாத் அவையில் இருந்த ழாந்தீல் என்ற பிரெஞ்சு அதிகாரியின் கைக்கு வந்தது. 1775-ல் அவர் அதைப் பாரிஸில் இருந்த ஆபிரகாம் ஆங்க்தில் துய்ப்பெரோனுக்கு அனுப்பிவைத்தார். சரியான ஆள் பார்த்துத்தான் அனுப்பினார்.

ஆங்க்தில் இருபது வயதுகளில் ஜரதுஷ்டிர வேதத்தின் சில தாள்களைப் பார்த்துவிட்டு, இந்தியாவுக்குப் போய் அதையும் பிராமணர்களின் வேதத்தையும் கொண்டுவருவேன் என்று கிளம்பியவர். கையில் காசில்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாயாகப் பெயர் கொடுத்து, இரண்டு சட்டை, இரண்டு கைக்குட்டை, ஒரு ஜோடி காலுறை, ஒரு எபிரேய விவிலியம், மொந்தேனின் கட்டுரைகள் ஆகியவற்றோடு பாரிஸிலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போனார். 1755 ஆகஸ்டில் அவர் கப்பலிறங்கிய ஊர் நம் புதுச்சேரி. பாரசீகம் கற்கத் தொடங்கியதும் அங்கேதான். பின்னர் வங்காளத்துச் சந்திரநாகூர் ஆங்கிலேயரிடம் விழுந்தபோது, அங்கிருந்து தரைவழியாகவே புதுச்சேரிக்குத் திரும்பினார். அதன்பின் சூரத்துக்குப் போய்ப் பார்சி குருமாரிடம் பாடம் கேட்டார். 1762-ல் 180 சுவடிகளோடு பாரிஸ் திரும்பினார். ஆனால் அவர் நினைத்திருந்த அந்த இன்னொரு வேதம் கிடைக்கவில்லை.

ஆகவே ஃபைசாபாத் பொட்டலத்தைப் பிரித்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சம்ஸ்கிருதம் அவருக்குத் தெரியாது, பாரசீகம் தெரியும். முதலில் பிரெஞ்சில் செய்து பார்த்தார், திருப்தியில்லை. பிறகு லத்தீன். வெளியே புரட்சி நடந்துகொண்டிருந்தது. அவர் குளிர்காலத்திலும் கணப்பு மூட்டாத அறையில், ரொட்டி, பாலாடைக்கட்டி, கிணற்றுத் தண்ணீரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். தன் எளிய வாழ்க்கையை முன்னுரையில் இந்திய பிராமணர்களை விளித்துச் சற்றே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். பிற்பாடு நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, இருந்த பதவியையும் விட்டார்.

சொல்லுக்குச் சொல் பாரசீகத்தின் வரிசை மாறக்கூடாது என்பது அவருடைய விரதம். அதனால் பிறந்த லத்தீன் ஒரு விசித்திரப் பிராணி. லத்தீனில் இல்லாத சுட்டிடைச்சொல்லைக் கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கினார். சாந்தோக்கியத்தின் தொடக்கத்தில் வரும் உத்கீதம் ‘அத்கித்’ ஆயிற்று. உபாசனை ‘மஷ்கூலி’ என்ற பாரசீகச் சொல்லாகவே நின்றது. ‘தத் த்வம் அசி’ என்ற மகாவாக்கியம் ‘ததூமெஸ்’ என்று உருண்டு திரண்டது. நூல் முகப்பில் தலைப்பை ஒட்டியே விளக்கமும் போட்டார்: மறைக்கப்பட வேண்டிய ரகசியம் என்று. இதை அச்சிட்டு விற்பனைக்கு விட்டிருக்கிறோமே என்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை போலும்.

1805-ல் ஆங்க்தில் இறந்தார். அவர் உழைப்புக்கு அகப்பட்ட பெரிய வாசகர் 1814 மார்ச்சில் வைமார் நூலகத்தில் அந்த இரண்டு தொகுதிகளை இரவல் வாங்கிய 26 வயது இளைஞர், ஜெர்மானியத் தத்துவவாதி ஆர்தர் ஷோப்பன்ஹவர். பிறகு சொந்தப் பிரதி வாங்கி, ஓரமெல்லாம் குறிப்பெழுதி, வாழ்நாள் முழுக்கப் படித்தார். வாழ்வுக்கும் சாவுக்கும் இதுவே ஆறுதல் என்று எழுதினார். வளர்த்த பூடில் நாய்க்கு ஆத்மா என்று பெயரிட்டிருந்தார். சம்ஸ்கிருதத்திலிருந்து நேரடியாக வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளை அவர் மதிக்கவில்லை. சுல்தான் தாராவுக்கு வீட்டு வாசலிலேயே பண்டிதர்கள். இந்த ஐரோப்பியர்களுக்கு என்ன தெரியும் என்பது அவர் கட்சி. அதனால் தாராவின் கைச்சரக்கும் மூலமென்றே அவரிடம் செல்லுபடியானது. 1818-ன் கடைசியில் வெளிவந்த அவருடைய முதன்மை நூலில் மாயையின் திரை பல இடங்களில் வருகிறது. இச்சையைப் பற்றிப் பேசும் ஓரிடத்தில், இந்தியர்களின் மாயை ‘அமோர்’ என்று விளக்கப்படுவதாகச் சொல்கிறார். ‘அமோர்’ லத்தீன் காதல். நிகம்போத் மாளிகையின் ‘இஷ்க்’ ஆடை மாற்றிக்கொண்டு ஜெர்மனிக்கு வந்துவிட்டது! சூஃபிக்கு உலகைப் படைத்த அருளான அதே காதலை, ஆசைதான் துன்பத்தின் வேர் என்று நிறுவ வந்தவர் தன் சாட்சியாகக் கூண்டிலேற்றினார்.

அதற்குப் பிறகு ‘ஊப்னெகத்’ வேகமாகப் பழசாகிவிட்டது. ராம்மோகன் ராய் 1816 முதல் உபநிடதங்களை வங்காளியிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். மாக்ஸ் முல்லரின் ஆங்கிலத் தொகுதி 1879-ல் வந்தது. அந்த லத்தீனுக்குள் பொருள் காண ஷோப்பன்ஹவரின் கண் வேண்டும் என்று முல்லர் பரிகாசமாகக் குறிப்பிட்டார்.

ஆனால் 1897-ல் பால் டாய்சன் அறுபது உபநிடதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது ஒரு சிக்கல். பாஷ்கலம், சாகலேயம், ஆர்ஷேயம், சௌனகம் ஆகிய நான்குக்கும் சம்ஸ்கிருத மூலம் அகப்படவில்லை. தாராவின் பண்டிதர்களிடம் இருந்திருக்கிறது. பிறகு எங்கோ மறைந்துவிட்டது. வேறு வழியின்றி அவற்றை ஆங்க்திலின் லத்தீனிலிருந்தே ஜெர்மனாக்கினார் டாய்சன்.

சாகலேயத்தில் ஒரு கதை. சரஸ்வதிக் கரையில் வேள்வி செய்யும் முனிவர்கள், கவஷ ஐலூஷனை அடிமைப் பெண்ணின் மகன் என்று சொல்லித் தள்ளிவைக்கிறார்கள். பிறகு அவனிடமே உபதேசம் கேட்க நேர்கிறது. அவன் அவர்களைக் குருக்ஷேத்திரத்து இளையவர்களிடம் அனுப்புகிறான்; தேரோட்டி இறங்கிப்போனால் தேர் என்னவாகும் என்று அவர்கள் காட்டுகிறார்கள். யார் காதில் விழலாம், யார் காதில் விழக்கூடாது என்று காவல் காத்த மரபில், இந்தக் கதை இரண்டரை நூற்றாண்டு காலம் அறிஞர் உலகுக்கு ஒரு முகலாய இளவரசனின் பாரசீகம் வழியாகவும் ஒரு கத்தோலிக்கரின் லத்தீன் வழியாகவும் மட்டுமே கிடைத்தது.

அதன் சம்ஸ்கிருத மூலம், மற்ற மூன்றோடும் சேர்ந்து, சென்னை அடையாறு நூலகத்துக் கைப்பிரதி ஒன்றில் அகப்பட்டது. 1920-களில் எஸ். கே. பேல்வல்கர் நான்கையும் பதிப்பித்தார். வேதம் தேடி வந்த சிப்பாய் கப்பலிறங்கிய புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து அடையாறு வடக்கே சுமார் 150 கிலோமீட்டர். அவர் நடந்த நடைக்கு அது பெரிய தூரமே இல்லை.