எண்பத்தேழாம் கட்டம்

பதினோராம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையை நடத்தும்போது முதல் தொகுதிக்கு நான் எப்போதும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன். லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபிடியம், சீசியம். கீழே இறங்க இறங்க அணு பெரிதாகிறது. வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரான் கருவிலிருந்து விலகிப்போகிறது. அதைப் பிரித்தெடுக்க லித்தியத்துக்கு மோலுக்கு 520 கிலோஜூல் வேண்டும். சீசியத்துக்கு 376 போதும். எலக்ட்ரானை எளிதில் விடுவது உலோகத்தின் குணம், விடாமல் பிடித்துக்கொள்வது அலோகத்தின் குணம், இரண்டுக்கும் நடுவில் நிற்பவை உலோகப்போலிகள். இது வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

சீசியத்துக்குக் கீழே 87ஆம் கட்டத்தில் பிரான்சியம். "கதிரியக்கத் தன்மை உடையது" என்ற ஒரு வரியோடு நான் படித்த புத்தகங்கள் அதைத் தாண்டிப் போயின. ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அதை யாரும் பார்த்ததே இல்லைன்னா, அது உலோகம்னு எப்படித் தெரியும்?" சரியான கேள்வி. புவியின் மேலோடு முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் பிரான்சியம் முப்பது கிராமைத் தாண்டாது என்பது கணக்கு. அதுவும் 22 நிமிடங்களில் பாதியாகிவிடும். பளபளப்பையும் மின்கடத்துதலையும் தகடாக அடிபடுவதையும் பார்த்து அதை உலோகம் என்று சொல்ல வழியில்லை. அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் மார்கரித் பெரே என்ற ஒரு பெண்ணின் கைவேலையில் இருக்கிறது.

பெரே 1909இல் பிரான்சில் பிறந்தார். மருத்துவராக ஆசைப்பட்டவர். சிறு வயதிலேயே தந்தை இறந்துபோனதால் குடும்பத்தில் அதற்கு வசதி இல்லை. பெண்களுக்கான தொழில்நுட்பப் பள்ளி ஒன்றில் வேதியியல் பட்டயம் முடித்துவிட்டு, 1929இல் பாரிஸில் மேரி கியூரியின் ரேடியம் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். வயது பத்தொன்பது. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது.

அவருக்குக் கொடுத்த வேலை ஆக்டினியத்தைச் சுத்தம் செய்வது. கரைப்பது, வீழ்படிவாக்குவது, வடிகட்டுவது, கழுவுவது, மறுபடியும் கரைப்பது. ஆக்டினியம் அட்டவணையில் லாந்தனத்துக்கு நேர் கீழே இருப்பது. ஒரே தொகுதியில் மேலும் கீழும் இருப்பவை குணத்திலும் ஒத்திருக்கும். அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பது பெரும்பாடு. வருடக்கணக்கில் செய்து செய்து அந்த வேலையில் பெரேயின் கை தேர்ந்தது. ஆய்வகத்திலும் சரி, சமையலறையிலும் சரி, கழுவித் துடைத்து வடிகட்டும் வேலைக்கு 'உதவி' என்றுதான் பெயர். எண்ணங்கள் வேறு எங்கோ, வேறு யாருடைய தலையிலோ தோன்றுவதாக நினைப்பு.

1934இல் மேரி கியூரி இறந்தபின், ஆக்டினியத்தைக் கண்டுபிடித்த ஆந்த்ரே தெபியர்னும் மேரியின் மகள் ஐரீன் ஜோலியோ-கியூரியும் பெரேயிடம் வேலை வாங்கினார்கள். ஆக்டினியத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அது சிதையச் சிதைய, பிறக்கும் வேறு தனிமங்களும் கதிர் வீசத் தொடங்கிவிடும்; எந்தக் கதிர் எதனுடையது என்று சொல்ல முடியாது. 1914லேயே வியன்னாவில் மேயர், ஹெஸ், பானெத் மூவரும் ஆக்டினியத்திலிருந்து ஆல்பா துகள் வருவதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் அது கலப்படத்தால் வந்ததா, ஆக்டினியத்தாலேயே வந்ததா என்ற சந்தேகம் தீரவில்லை. தீர்க்க வேண்டுமானால் மிகத் தூய்மையாகவும், மிக வேகமாகவும் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும்.

1939 ஜனவரி தொடக்கத்தில் பெரே அதைச் செய்தார். அப்போதுதான் சுத்தம் செய்த ஆக்டினியத்தில், எதிர்பாராத ஒரு பீட்டாக் கதிர் மெல்லக் கூடி, பிறகு ஒரே அளவில் நின்றது. அதன் அரை ஆயுள் 21 நிமிடம் என்று அளந்தார். ஆக்டினியத்தின் அணு எண் 89. ஓர் ஆல்பா துகள் வெளியேறினால் இரண்டு புரோட்டான் போய்விடும். மிச்சம் 87.

இங்கேதான் அட்டவணை கைகொடுத்தது. புதியது 87 என்றால் அது சீசியத்தைப் போல நடந்துகொள்ள வேண்டும். பேரியத்தை வீழ்த்தும் கார்பனேட்டுக்கு அது வீழ்படிவாகக் கூடாது. கரைசலில் சீசிய உப்பைச் சேர்த்து, பெர்குளோரேட்டாகப் படிய வைத்தால் அதோடு சேர்ந்து படிய வேண்டும். அப்படியே படிந்தது, கதிரியக்கம் முழுக்க சீசியத்தின் படிகத்தோடு போனது. கண்ணால் பார்க்காத ஒன்றைக் கார உலோகம் என்று பெரே சொன்னது இந்த ஆதாரத்தில். ஆய்வுக் குறிப்பு பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது, அவர் ஒருவர் பெயரில் மட்டும்.

அந்தக் காலிக் கட்டத்துக்கு ஏற்கெனவே ஆசைப்பட்டவர்கள் உண்டு. ரஷ்யம், வர்ஜீனியம், மோல்டாவியம் என்று கண்டதாக நினைத்தவர்கள் தங்கள் நாட்டையும் ஊரையும் பெயராக வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை. பெரே முதலில் சொன்ன பெயர் 'கேட்டியம்'. எலக்ட்ரானை மிக எளிதில் இழந்து நேர்மின் அயனியாக, அதாவது கேட்டயானாக, மாறும் தனிமம் என்று பொருள். மண்ணின் பெயரை விட்டு, குணத்தின் பெயர். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் பூனை ஞாபகம் வரும் என்று ஐரீன் மறுத்தார். அதனால் பிரான்சியம். எனக்கு இன்றும் முதல் பெயர்தான் பிடிக்கும்.

ஆனால் அந்தப் பெயர் சொன்னது முழு உண்மையுமல்ல என்பது பின்னால் தெரிந்தது. பிரான்சியத்தின் அயனியாக்கும் ஆற்றல் 393 கிலோஜூல். சீசியத்தைவிடச் சற்று அதிகம். கரு மிகக் கனமாகும்போது எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் ஓடுகின்றன, அதனால் வெளிக்கூடு கொஞ்சம் உள்ளே சுருங்குகிறது. வகுப்பில் நேர்கோடாக நான் வரையும் போக்கு கடைசிப் படியில் திரும்பிவிடுகிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தேர்வுக்கு வராது என்று தெரிந்தும்.

தனிமத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் பெரே பல்கலைக்கழகப் படிப்பை முடித்தார். 1946இல் முனைவர் பட்டம், 1949இல் ஸ்ட்ராஸ்பூர்கில் அணுக்கரு வேதியியல் துறையின் பொறுப்பு. 1911இல் மேரி கியூரியைத் தோற்கடித்து, பிறகு ஐரீனையும் திரும்பத் திரும்ப வெளியே நிறுத்திய அதே அறிவியல் கழகம் 1962இல் பெரேயைத் தேர்ந்தெடுத்தது. அங்கே தேர்வான முதல் பெண் அவர். அதுவும் முழு உறுப்பினராக அல்ல, தொடர்பு உறுப்பினராக. முழு உறுப்பினராக ஒரு பெண், கணிதவியலாளர் இவோன் ஷொக்கே-புரூவா, நுழைய 1979 வரை ஆயிற்று.

அதற்குள் பெரே இல்லை. ஆண்டுக்கணக்கில் வெறுங்கைக்கு அருகில் வைத்து வேலை செய்த ஆக்டினியம் அவர் உடம்பில் தங்கிவிட்டிருந்தது. 1975 மே மாதம் புற்றுநோயால் இறந்தார். பிரான்சியத்தைக் கொண்டு புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியலாம் என்று அவர் நம்பியிருந்தார். 22 நிமிடங்களில் பாதியாகிவிடும் தனிமத்தை வைத்து அது நடக்கவில்லை.