பேசக்கூடாது, நிமிர்ந்து பார்க்கக்கூடாது: ஹே சிறுமியர் சிறையின் கதை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு காலத்தில், குற்றம் செய்யாத சிறுமிகளையும் அடைத்து வைத்தார்கள். வீட்டை விட்டு ஓடினாலும், பள்ளிக்குப் போகாவிட்டாலும் போதும். வீட்டில் யாராவது தவறாக நடந்துகொண்டால்கூட உள்ளே போனது சிறுமிதான்! 1939-ம் ஆண்டு குழந்தைகள் நலச் சட்டம் இவர்களை 'ஒழுக்க ஆபத்தில் இருப்பவர்', 'அடங்காதவர்' என்று அழைத்தது.

இவர்களுக்கான முக்கிய இடம், சிட்னி பகுதியில் 1887-ல் தொடங்கப்பட்ட பாராமட்டா இல்லம். தொலைதூர ஊர்களிலிருந்தும் சிறுமிகள் இங்கே வந்தனர். குடும்பத்திடமிருந்து பிரித்துக் கூட்டமுண்ட்ரா இல்லத்தில் வளர்க்கப்பட்ட பழங்குடிச் சிறுமிகளும் அவர்களில் உண்டு.

1961-ல் பாராமட்டாவில் கலவரம் வெடித்தது. சிறுமிகள் ஏன் கொதித்தார்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, அரசு இன்னும் கடுமையான ஓரிடத்தைத் திறந்தது. அதுதான் ஹே. சிட்னியிலிருந்து 700 கிலோமீட்டருக்கு அப்பால், வறண்ட சமவெளியில் இருந்த 19-ம் நூற்றாண்டுச் சிறை.

அங்கே அனுமதியின்றிப் பேசக்கூடாது. கண்கள் தரையையே பார்க்க வேண்டும். ராணுவம் போல அணிவகுத்து நடக்க வேண்டும். இரவில் கதவைப் பார்த்தபடிதான் தூங்க வேண்டும்.

ஏற்கெனவே காயப்பட்ட மனதுக்கு முதலில் தேவை, நம்பிப் பேச ஒரு ஆள். ஹே பறித்ததோ அதைத்தான். தனிமை, அவமானம், 'நான்தான் கெட்டவள்' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேரும்போது தற்கொலை எண்ணம் வளர்கிறது. ஊரும் உறவும் எட்டாத தூரத்தில் இருந்தால் அந்தத் தனிமை இன்னும் கூடும்.

பெஸ்ஸி குத்ரி போன்ற பெண்ணுரிமைப் போராளிகளின் எதிர்ப்புக்குப் பிறகு, 1974-ல் இரண்டு இல்லங்களும் மூடப்பட்டன. ஆனால் காயம் மூடவில்லை. 2014-ல் அரச விசாரணை ஆணையத்தின் முன் சாட்சி சொன்ன பெண்கள், அங்கே நடந்த பாலியல் கொடுமைகளையும் அடி உதைகளையும் விவரித்தனர். வெளியே வந்த பிறகும் தற்கொலைக்கு முயன்றதைச் சிலர் கூறினர். அப்போது அவர்கள் நடுவயதைக் கடந்திருந்தார்கள். 2018 அக்டோபர் 22 அன்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கோரினார்.

"நீ என்ன தப்பு செய்தாய்?" என்று கேட்கப் பலர் இருந்தார்கள். "உனக்கு என்ன நடந்தது?" என்று அன்றைக்கே ஒருவர் கேட்டிருந்தால், சில சிறுமிகளாவது நிம்மதியாக வளர்ந்திருப்பார்கள்.