கணேஷ்கிண்ட் மாளிகையும் உப்பு வரியும்

புனே பல்கலைக்கழகத்தின் பிரதானக் கட்டடத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் இருக்க முடியாது. பிள்ளைகளின் சேர்க்கைக்கோ சான்றிதழுக்கோ ஒரு முறையாவது அந்தக் கோபுரத்தடியில் காத்து நின்றிருப்போம். 1949இல் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முன்னால் அது கவர்னர் மாளிகை. சென்னை கவர்னர் வெயிலுக்கு ஊட்டிக்குப் போனார் என்றால், பம்பாய் கவர்னர் மழைக்குப் புனேக்கு வந்தார். இரண்டு பயணத்துக்கும் பணம் கொடுத்தவர்கள் வெயிலிலும் மழையிலும் அவரவர் ஊரிலேயே கிடந்தார்கள், அது வேறு விஷயம்.

அந்த மாளிகை எழுந்த கதையைக் கல்லூரியில் படித்த சரித்திரக்காரனாக அல்ல, நாற்பது வருடம் பருப்பும் உப்பும் விற்றுப் பேரேடு எழுதியவனாகச் சொல்கிறேன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம் எங்களுடையது. வருடக் கடைசியில் ஐந்தொகை சரியாக வராவிட்டால் என் தகப்பனார் அன்று சாப்பிட உட்கார மாட்டார். அந்தப் பழக்கத்தில்தான் பழைய அரசாங்கக் கணக்குகளையும் படிக்க ஆரம்பித்தேன்.

சர் பார்ட்டில் ஃப்ரேர் 1862இல் பம்பாய் கவர்னராக வந்தார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி வரவில்லை. நம் பருத்திக்குச் சொன்னது விலை. பம்பாயில் பணம் மழையாகக் கொட்டியது. தாப்போடியில் ஏற்கனவே ஒரு கவர்னர் மாளிகை இருந்தும், 1864இல் கணேஷ்கிண்டில் புதிது கட்டத் தொடங்கினார்கள். விக்டோரியா ராணி குடும்பத்தின் ஆஸ்போர்ன் மாளிகையைப் பார்த்து அமைத்தது இது. மறு வருடமே போர் முடிந்தது, பருத்தி விலை தரையில் விழுந்தது. பம்பாயில் பெரிய பெரிய கொட்டிகள் திவாலாயின. பம்பாய் பாங்கே மூழ்கிப் போச்சு. எங்கள் தொழிலில் விலை விழுந்தால் முதல் வேலையாகக் கொத்தனாரைத் திருப்பி அனுப்புவோம். கணேஷ்கிண்டில் கொத்து வேலை நிற்கவில்லை. 1871இல் முடிந்தபோது செலவு சுமார் 1,75,000 பவுன். அந்நாள் மாற்றுப்படி ஏறக்குறைய பதினேழரை லட்சம் ரூபாய். பம்பாய் கவர்னர்களின் ஊதாரித்தனத்துக்கும் சொல் கேளாமைக்கும் இது உதாரணம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே கண்டித்தார்கள். ஃப்ரேர் 1867இலேயே ஊருக்குப் போய்விட்டார். பணம் ஒன்றும் திரும்பி வரவில்லை.

கண்டித்தவர்கள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. அதே 1867இல் துருக்கி சுல்தான் லண்டன் வந்தார். அவருக்கு இந்தியா ஆபீசில் பெரிய நடன விருந்து. செலவை இந்திய வருவாயில் எழுதிவிட்டார்கள்! அதற்கு முந்தின வருடம்தான் ஒரிசாவில் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் அளவில் மாண்டிருந்தார்கள். ஹென்றி ஃபாசெட் என்ற கண் பார்வையற்ற எம்.பி. ஒருவர் எழுந்து இது நியாயமா என்று கேட்டார். அவரை ‘இந்தியாவுக்கான மெம்பர்’ என்றே அழைத்தார்கள்.

இங்கே கணக்குத் தெரிந்தவனுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று புரியும். ஊதாரித்தனத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. கடைப் பையன் கூடக் கண்டுபிடிப்பான். ஆனால் செலவு எழுதுகிற பேனா ஒருவர் கையிலும், பணம் போடுகிற பை இன்னொருவர் மடியிலும் இருந்தால், பேனா வைத்திருப்பவருக்கு நிறுத்த மனசு வராது. இதை அரசாங்கத்தின் முகத்துக்கு நேராகச் சொன்னவர்களில் ஒருவர் நம் புனேக்காரர், இன்னொருவர் நம் தமிழர்.

1895இல் இந்தியச் செலவுகளை ஆராய வெல்பி பிரபு தலைமையில் ராயல் கமிஷன் அமைந்தது. தாதாபாய் நௌரோஜி அதில் ஓர் அங்கத்தினர். 1897இல் இந்தியாவிலிருந்து நான்கு பேர் லண்டன் போய்ச் சாட்சியம் சொன்னார்கள். கல்கத்தாவிலிருந்து சுரேந்திரநாத் பானர்ஜி, பம்பாயிலிருந்து தின்ஷா வாச்சா, புனேயின் டெக்கான் சபா சார்பில் கோபால கிருஷ்ண கோகலே, சென்னை மகாஜன சபா சார்பில் ‘சுதேசமித்திரன்’ ஜி. சுப்பிரமணிய ஐயர். கோகலேக்கு அப்போது முப்பது வயது. பெர்குசன் கல்லூரி ஆசிரியர். பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்கணிதப் புத்தகம் போட்டவர். ரானடேயும், கணேஷ் வெங்கடேஷ் ஜோஷி என்ற பள்ளி ஆசிரியரும் புள்ளிவிவரங்களை அவருக்குத் தயார் செய்து கொடுத்தார்கள். ராணுவச் செலவு, லண்டனுக்குப் போகிற ஹோம் சார்ஜஸ், பெரிய உத்தியோகங்களில் வெள்ளையருக்கான சம்பளம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, வரி கொடுக்கிறவனுக்குச் செலவின் மேல் பிடி எதுவும் இல்லையே என்றார். அவர் லண்டனில் இருந்தபோதே, ஜூன் 22ஆம் தேதி இரவு, இதே கணேஷ்கிண்ட் மாளிகையில் ராணியின் வைர விழா விருந்து முடிந்து திரும்பிய பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். பிளேக்கில் ஊரே காலியாகிக் கிடந்த வருடம் அது.

கமிஷன் 1900இல் அறிக்கை கொடுத்தது. பிரிட்டன் ஏற்க வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னது சொற்பத் தொகை. நௌரோஜியும் வெட்டர்பர்ன், கெய்ன் என்ற இருவரும் தனி அறிக்கை எழுத வேண்டியதாயிற்று.

1902 மார்ச் 26, கல்கத்தா. மேல்சபையில் கோகலேயின் முதல் பட்ஜெட் பேச்சு. ஏழு கோடி ரூபாய்க்கு மேல் உபரி என்று கர்சன் சர்க்காருக்கு ஏகப்பட்ட பெருமை. பெரும் பஞ்சம் வந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்த உபரி ஜனங்களின் சுபிட்சத்தைக் காட்டவில்லை, தேவைக்கு மேல் வரி வாங்கியதைக் காட்டுகிறது என்று கோகலே எண்களை வைத்தே நிரூபித்தார். உப்பு வரி அன்று மணங்குக்கு இரண்டரை ரூபாய். 1903இல் இரண்டு ரூபாய், 1905இல் ஒன்றரை, 1907இல் ஒரு ரூபாய் என்று இறங்கியது. கோகலே வருடா வருடம் எழுந்து கேட்டதற்கு இதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. உப்பு விற்றவன் என்பதால் இந்த இறக்கத்தைச் சாதாரணமாக நினைக்க மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். வரியைக் குறைத்தார்கள்; ராணுவச் செலவைத் தொடவில்லை. கிச்சனர் வந்து படையைத் திருத்துகிறேன் என்று இன்னும் ஏற்றினார். மெம்பர்களுக்கு பட்ஜெட்டைப் பேச உரிமை இருந்தது, ஓட்டுப் போட இல்லை.

முதல் உலகப் போருக்குப் பின் கஜானாவே காலி. 1922இல் இஞ்ச்கேப் பிரபு என்ற கப்பல் கம்பெனி முதலாளி தலைமையில் சிக்கனக் கமிட்டி போட்டார்கள். வியாபாரி அல்லவா, கறாராகவே பார்த்தார். பத்தொன்பதே கால் கோடி ரூபாய் குறைக்கலாம் என்றார். குறைத்தும் பற்றாக்குறை தீரவில்லை. 1923இல் அரசு என்ன செய்தது? உப்பு வரியை ஒன்றே கால் ரூபாயிலிருந்து இரண்டரையாக்கியது! சட்டசபை மறுத்தது, வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தால் அமல்படுத்தினார். கோகலே அதைப் பார்க்க இல்லை, 1915லேயே போய்விட்டார். மறு வருடம் வரி பழைய அளவுக்கு இறங்கியது. டெல்லியில் புதுத் தலைநகர் கட்டுகிற வேலை மட்டும் ஒழுங்காக நடந்து 1931 பிப்ரவரியில் திறப்பு விழாவும் ஆச்சு. அதே வருடக் கடைசியில் அரசு ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டினார்கள்.

வெள்ளைக்காரன் போனால் பேனாவும் பையும் ஒரே கையில் வந்துவிடும் என்று எங்கள் தலைமுறை நம்பியது. 1997 ஜனவரியில், நம் திருநெல்வேலிச் சீமைக்காரரான நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது சம்பளக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. சம்பளத்தை ஏற்றுங்கள், பத்து வருடத்தில் ஆள் எண்ணிக்கையில் நூற்றுக்கு முப்பது குறையுங்கள் என்று இரண்டும் சேர்த்துத்தான் சொன்னார்கள். வேலைநிறுத்தம் வரும் என்றவுடன் சம்பளத்தைக் கமிஷன் சொன்னதைவிடக் கூடுதலாகவே ஏற்றினார்கள். ஆள் குறைப்புப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 2000 பிப்ரவரியில், எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று கண்டுபிடிக்க முன்னாள் நிதிச் செயலாளர் கே. பி. கீதாகிருஷ்ணன் தலைமையில் வேறொரு கமிஷன் போட்டார்கள். அது 2001 செப்டம்பருக்குள் பத்து அறிக்கைகள் கொடுத்தது. 2014இல் அதே வேலைக்குப் பிமல் ஜலான் தலைமையில் மறுபடியும் ஒன்று போட்டார்கள்.