குண்டூரில் பொன்னிற இலை

புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. போர்ச்சுகீசியர் வழியே கடல்கடந்து வந்தது. பீஜப்பூரிலிருந்து அதை அக்பர் அவைக்குக் கொணர்ந்தவர் அஸத் பேக். 1617இல் ஜஹாங்கீர் தடை விதித்தும் பயனில்லை. அதற்குள் அது வேரூன்றிவிட்டது.

1920இல், அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த குண்டூரில், வர்ஜீனியாப் புகையிலை பயிராகத் தொடங்கியது. நாட்டுப் புகையிலையை வெயிலில் உலர்த்திப் பழகிய உழவர் மீண்டும் மாணவராக நேர்ந்தது. ஒரு கிராமில் 10,000க்கு மேற்பட்ட நுண்விதைகள்! நாற்றங்காலில் வளர்த்து, கரிசலில் நட்டு, கொண்டை கிள்ளி, முற்றிய இலைகளை அடியிலிருந்து பறிப்பது கைகண்ட வேலையே. சோதனை காத்திருந்தது பதனிடும் கொட்டகையில்தான்.

கழிகளில் கோத்துத் தொங்கவிட்ட இலைகளுக்குக் குழாய் வழியே வெப்பம் மட்டும் செல்லும், புகை படலாகாது. முதலில் சுமார் 35 டிகிரியில், உயிர் நீங்காத இலை தன் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி மஞ்சளிக்கும். பின்னர் வெப்பத்தைப் படிப்படியாக உயர்த்தி, முடிவில் சுமார் 70 டிகிரியில் நடுநரம்பை உலர்த்துவர். அவசரப்பட்டால் பச்சை நிலைத்துவிடும், தாமதித்தால் பழுப்பேறிவிடும். ஒரு பருவத்து உழைப்பின் விலையை ஐந்தாறு இரவுகளே நிர்ணயித்தன.

1947இல் ராஜமுந்திரியில் மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஆயின் அதற்கு முன்பே பல உழவர், தம் விளைச்சலையே பணயமாக வைத்து, அடுப்பருகே கண்விழித்து இக்கலையைக் கற்றிருந்தனர். இலையின் தீங்கை இன்று நாம் நன்கறிவோம். அவர்தம் கல்வியையும் மறவாதிருப்போம்.